மார்ச் மாத மதியம் மூணு மணி: ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் எதற்காகக் கொதிக்கிறார்கள்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஹாக்கி என்றதும் நமக்கு தயான் சந்தும் தன்ராஜ் பிள்ளையும்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. இது அந்த ஹாக்கி இல்லை. வட அமெரிக்காவில் ஹாக்கி என்றாலே பனித்தளத்தில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவதுதான். அதன் பெரிய லீக் என்.எச்.எல். அமெரிக்கா, கனடா இரண்டிலுமாக 32 அணிகள்.

அந்த லீக்கில் சீசன் முடிய ஏறக்குறைய ஆறு வாரம் இருக்கும்போது ஒரு நாள் வரும். ட்ரேட் டெட்லைன். 2025-ல் அது மார்ச் 7, வெள்ளிக்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மதியம் 3 மணி. நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அந்த மணிக்குள் ஓர் அணியிலிருந்து இன்னொரு அணிக்குப் போகாத வீரர், அந்த சீசனில் புது அணிக்காக ஆட முடியாது. கனடாவின் விளையாட்டு சேனல்கள் அன்று காலையிலிருந்தே மேஜை போட்டு உட்கார்ந்துவிடும். மைதானத்தில் ஒரு பந்தயமும் நடக்காத அந்த நேரத்தில், ரசிகர்கள் ப்ளேஆஃப் ஆட்டம் பார்ப்பது மாதிரி பதறிக்கொண்டிருப்பார்கள்.

இந்த எதிர்வினைகளைக் கொஞ்ச காலமாகக் குறிப்பெடுத்து வருகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் கூச்சல்தான். பிரித்துப் பார்த்தால் ஜனங்கள் மூன்று வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்த விலை சரியா? நம்ம டீம் இப்போ எங்க நிக்குது? போறது யாரு? சண்டை பெரும்பாலும் வருவது, ஒருத்தர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, எதிரே இருப்பவர் மூன்றாவதற்குப் பதில் சொல்வதால்தான்.

விதிகள், சீக்கிரமாக

ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். முடிவில் 16 அணிகள் ப்ளேஆஃப் போகும். நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் மேலே போவார். கடைசியில் மிஞ்சும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை.

எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு உண்டு. 2004-05 சீசன் முழுவதுமே உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் நடந்த தகராறில் ரத்தாகி, அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. ரசிகர்கள் சுருக்கமாக 'கேப்' என்பார்கள். 2024-25-ல் அது 8.8 கோடி டாலர். இந்தக் கணக்கை நாள் கணக்காகப் போடுவார்கள். டெட்லைன் அன்று சீசனில் மிச்சம் இருப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்கு நாட்கள். அதனால் வருஷம் 50 லட்சம் டாலர் வாங்கும் ஒருவரை அன்று எடுத்தால், புது அணியின் கணக்கில் ஏறக்குறைய 10 லட்சம்தான் ஏறும். பழைய அணி அவர் சம்பளத்தில் பாதி வரை தானே சுமக்கவும் ஒத்துக்கொள்ளலாம். அக்டோபரில் நினைத்தே பார்க்க முடியாத வீரரை மார்ச்சில் வாங்க முடிவது இதனால்தான்.

பதிலுக்கு என்ன கொடுப்பது? பணம் இல்லை. இன்னொரு வீரர், அல்லது வளர்ந்து வரும் இளைஞர், அல்லது டிராஃப்ட் தேர்வு. டிராஃப்ட் என்பது வருஷா வருஷம் பெரும்பாலும் 18 வயதுப் பையன்களை ஏழு சுற்றாக அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது. 'முதல் சுற்றுத் தேர்வு' ஒன்றைக் கொடுத்தோம் என்றால், இன்னும் பேர்கூடத் தெரியாத ஒரு பையனைக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். பேர் தெரியாதவனை ரசிகர் எவ்வளவு பெரிய ஆளாக வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம். விலை பற்றிய சண்டை பாதி இங்கேதான் தொடங்குகிறது.

விலை சரியா?

டாம்பா பே லைட்னிங் அணியை எடுத்துக்கொள்வோம். 2020 பிப்ரவரியில் அதன் பொது மேலாளர் ஜூலியன் பிரிஸ்புவா, பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ என்ற இரண்டு பேரைக் கொண்டு வந்தார். இரண்டு பேருமே நட்சத்திரம் இல்லை. ஓடி உழைத்து, எதிரணியை நகரவிடாமல் பண்ணும் ரகம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு போனது, கூடவே ஆளும் போனார்கள். மூன்றாம் வரிசை ஆட்டக்காரருக்கு இவ்வளவா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. டாம்பா 2020-லும் 2021-லும் கோப்பை ஜெயித்தது. இரண்டு தடவையும் அந்த மூன்றாம் வரிசைக்குப் பெரிய பங்கு இருந்தது. அதன்பின் யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லை.

அதே மேலாளர் 2023 பிப்ரவரியில் நாஷ்வில்லிடமிருந்து டேனர் ஜனோவை வாங்கினார். அதே மாதிரி முரட்டு உழைப்பாளி. கொடுத்தது ஒரு தடுப்பாட்டக்காரர், முதல் சுற்றிலிருந்து ஐந்தாம் சுற்று வரை ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வு. அந்த சீசனில் நாஷ்வில்லுக்காக 56 ஆட்டத்தில் 5 கோல் போட்டிருந்தவருக்கு இந்த விலை. டாம்பா முதல் சுற்றிலேயே டொரொன்டோவிடம் தோற்றது. அடுத்த வருஷமே ஜனோ வேறு அணிக்குப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே யோசனை. ஒன்று பலித்தது, இன்னொன்று பலிக்கவில்லை. அதனால் 'கோப்பை வந்தது, ஆகவே விலை சரி' என்ற வாதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஜெயித்த பிறகு எல்லா விலையும் சரியாகத்தான் தெரியும். டெட்லைன் அன்று இரவே 'இது அதிகம்' என்று சொன்னவர், முடிவு தெரியாமல், கையில் இருக்கும் தகவலை மட்டும் வைத்துச் சொன்னவர். அவர் சொல்லைத்தான் நான் முதலில் குறித்துக்கொள்கிறேன்.

விலையில் தோற்றதற்கு ரசிகர்கள் இன்றைக்கும் காட்டும் உதாரணம் வாஷிங்டன். 2013 ஏப்ரல் 3, அந்த வருஷ டெட்லைன் நாள். நாஷ்வில்லிலிருந்து மார்ட்டின் எராட்டையும் இன்னொருவரையும் வாங்க, ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க் என்ற 18 வயது ஸ்வீடன் பையனைக் கொடுத்தார்கள். முந்தைய வருஷம் முதல் சுற்றில் 11-வதாக எடுத்த பையன். எராட் ஏழெட்டு மாதத்தில் தன்னை வேறு எங்காவது அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். ஃபோர்ஸ்பெர்க் நாஷ்வில் வரலாற்றிலேயே அதிக கோல் போட்டவராக ஆனார்.

நம்ம டீம் எங்க நிக்குது?

இரண்டாவது கேள்விதான் வெளியாட்களுக்கு வினோதமாகத் தெரியும். ஜெயிக்கிற அணி 'வாங்குபவர்', தோற்கிற அணி 'விற்பவர்'. கோடையில் ஒப்பந்தம் முடியப்போகும் வீரரைத் தோற்கும் அணி விற்றுவிடும். இல்லையென்றால் ஜூலையில் அவர் சும்மாவே போய்விடுவார். வாங்கும் அணிக்கு அவர் வாடகை வீடு மாதிரி, மூன்று நான்கு மாதம்தான். அதனால் அந்த வகைக்கே 'ரென்டல்' என்று பேர்.

விற்பவர் பக்கத்து ரசிகர் மனநிலை இதில் தலைகீழாகிவிடும். அணி கீழே போகப் போக டிராஃப்டில் முன்னால் வரும். ஆகவே நல்ல வீரர் போனால் சந்தோஷம், தோற்றால் நிம்மதி. பத்து வருஷமாகக் கத்தி ஆதரித்த அணி தோற்கட்டும் என்று உட்கார்ந்து பார்ப்பது சுலபமில்லை. சிலர் கடைசி வரைக்கும் மறுத்துவிடுவார்கள்: 'நான் டிக்கெட் வாங்கினது ஜெயிக்கிறதைப் பார்க்க.' அவர்களை விவரம் புரியாதவர்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வதுண்டு. எனக்கென்னவோ அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. எதிர்காலக் கணக்கு மேலாளரின் வேலை. அதை ரசிகரும் சுமக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே.

மிக மோசமான நிலை, நடுவில் மாட்டிக்கொண்ட அணிக்கு. வாங்கவும் வலு இல்லை, விற்கவும் மனசு இல்லை. மூணு மணி அடிக்கும், ஒன்றும் நடக்காது. அன்றைக்கு எல்லாரையும்விடக் கோபமாக இருப்பது இந்த அணியின் ரசிகர்கள்தான். தப்பான முடிவைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், முடிவே எடுக்காததை மன்னிப்பதில்லை.

போறது யாரு?

2025 மார்ச் 7 அன்று பாஸ்டன் புரூயின்ஸ் விற்பவர் ஆனது. அந்த வாரத்தில் ஐந்தாறு பேர் கிளம்பினார்கள். கடைசியில் கேப்டன் பிராட் மார்ஷாண்டும் போனார். 2006-ல் பாஸ்டன் தேர்ந்தெடுத்த ஆள், 2011-ல் கோப்பை வாங்கித் தந்தவர்களில் ஒருவர், 36 வயது. புது ஒப்பந்தப் பேச்சு படியவில்லை. போன இடம் ஃப்ளோரிடா பாந்தர்ஸ். 2023, 2024 இரண்டு வருஷமும் பாஸ்டனை ப்ளேஆஃபிலிருந்து வெளியே தள்ளிய அணி. 2024 தொடரில் ஃப்ளோரிடாவின் சாம் பென்னட் மோதியதில் மார்ஷாண்ட் காயப்பட்டு இரண்டு ஆட்டம் உட்கார வேண்டி வந்தது. இப்போது அதே பென்னட்டோடு ஒரே உடைமாற்றும் அறை.

பாஸ்டனுக்குக் கிடைத்தது ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு, அதுவும் நிபந்தனையோடு. ஃப்ளோரிடா இரண்டு சுற்று ஜெயித்து, மார்ஷாண்ட் பாதி ஆட்டமாவது ஆடியிருந்தால் அது முதல் சுற்றுத் தேர்வாக உயரும். வெறும் விலையாகப் பார்த்தால், காயத்தில் இருக்கும் 36 வயதுக்காரருக்கு இது மோசமில்லை. ஆனால் அன்று பாஸ்டன்காரர்கள் விலையைப் பற்றியா பேசினார்கள்? வீட்டுப் பெரியவரை வெளியே அனுப்பிவிட்டு ரசீது வாங்கின மாதிரி இருந்தது அவர்களுக்கு.

அப்புறம் நடந்தது நல்ல வேடிக்கை. இரண்டாம் சுற்றில் ஃப்ளோரிடாவுக்கு எதிரி டொரொன்டோ, பாஸ்டனின் பரம வைரி. மூன்றாவது ஆட்டத்தின் கூடுதல் நேர வெற்றி கோலை மார்ஷாண்டே போட்டார். தொடர் ஏழாவது ஆட்டம் வரை போய் ஃப்ளோரிடா ஜெயித்தது. அந்த வெற்றியோடு பாஸ்டனின் தேர்வும் முதல் சுற்றுக்கு உயர்ந்தது. போன கேப்டன் அடித்த கோலுக்கு, அவரை இழந்த ஊர் பாசத்துக்காகவும் கைதட்டலாம், லாபத்துக்காகவும் தட்டலாம். இறுதித் தொடரில் அவர் 6 கோல் போட்டு, ஃப்ளோரிடா கோப்பையை ஜெயித்தது. அக்டோபரில் எதிரணிச் சட்டையோடு பாஸ்டனுக்குத் திரும்பி வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாஸ்டனுக்கு இது புதுசும் இல்லை. 2000 மார்ச்சில், 21-வது சீசன் ஆடிக்கொண்டிருந்த கேப்டன் ரே போர்க், கோப்பைக்காகத் தானே கேட்டுக் கொலராடோவுக்குப் போனார். 2001-ல் ஜெயித்தார். ஜெயித்த கோப்பையைப் பாஸ்டன் நகர மண்டபச் சதுக்கத்துக்கே எடுத்து வந்தார். ஆயிரக்கணக்கில் ஜனம் கூடி, வேறொரு அணியின் வெற்றியைக் கொண்டாடினார்கள். ரசிகர் விசுவாசமாக இருப்பது சட்டைக்கா, ஆளுக்கா என்று அடிக்கடி விவாதம் வரும். பாஸ்டனைப் பார்த்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

மூன்று ஊர், ஒரே ஆள்

எல்லாப் பிரியாவிடையும் இப்படி இனிமையாக முடியாது. மிக்கோ ரான்டனென் கொலராடோவின் நட்சத்திரம், 2022 கோப்பை அணியில் இருந்தவர். ஒப்பந்தம் படியாமல் 2025 ஜனவரி 24 அன்று கரோலினாவுக்கு அனுப்பினார்கள். அங்கே 13 ஆட்டம், 2 கோல். நீண்ட ஒப்பந்தத்துக்கு அவர் சம்மதிக்காததால், 42 நாள் கழித்து டெட்லைன் அன்று கரோலினா அவரை டல்லாஸுக்கு விற்றது. பதிலுக்கு லோகன் ஸ்டான்கோவன் என்ற இளைஞர், இரண்டு முதல் சுற்றுத் தேர்வு, இரண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வு. டல்லாஸில் எட்டு வருஷத்துக்கு 9.6 கோடி டாலர்.

கரோலினா ரசிகர்களுக்கு வருத்தப்படக்கூட நேரமில்லை, வந்தவரைப் பழகுவதற்குள்ளேயே போய்விட்டார். அவர்கள் பேசினது முழுக்க விலைதான். டல்லாஸில் எட்டு வருஷக் கனவு. கொலராடோவுக்கு மட்டும் ஒரு பயம், ஏனென்றால் டல்லாஸ் அதே பிரிவில் இருக்கும் அணி. பயந்த மாதிரியே முதல் சுற்றில் இரண்டும் மோதின. மே 3, ஏழாவது ஆட்டம். மூன்றாம் பகுதியில் கொலராடோ 2-0 முன்னிலை. அதற்குப் பிறகு ரான்டனென் ஒருவரே மூன்று கோல் போட, டல்லாஸ் 4-2 என்று ஜெயித்தது.

கொலராடோ மேலாளர் ஜனவரியில் போட்ட கணக்கில் காரணம் இல்லாமல் இல்லை. ரான்டனென் கேட்கும் சம்பளத்தில் கேப் தாங்காது, கோடையில் சும்மா போவதற்குள் விற்றுவிடலாம் என்பது யாருக்கும் புரியும். மே 3 இரவு ஒரு கொலராடோ ரசிகரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இதையெல்லாம் குறிப்பெடுத்ததில் எனக்கு மிஞ்சிய பழக்கம் ஒன்றுதான். டெட்லைன் நாளில் யாராவது கொதிப்பதைப் பார்த்தால், சரியா தப்பா என்று உடனே போவதில்லை. மூன்றில் எந்தக் கேள்விக்கு இவர் பதில் சொல்கிறார் என்று பார்க்கிறேன். விலை என்றால் மூன்று நான்கு வருஷம் பொறுத்துச் சரிபார்க்கலாம். அணியின் நிலை என்றால் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். போன ஆளைப் பற்றி என்றால் சரிபார்க்க ஒன்றுமே இல்லை. அவர் சொல்வது கணிப்பு இல்லை, தனக்கு எது போனது என்பதைத்தான் சொல்கிறார். அவரிடம் போய் டிராஃப்ட் தேர்வுக் கணக்கை நீட்டாமல் இருந்தால் போதும்.