வானத்திற்குப் பட்டா உண்டா?

வீடு கட்டுவோர் மனை வாங்குகின்றனர், பத்திரம் பதிகின்றனர், எல்லைக் கல் நடுகின்றனர். ஆயினும் அவர்கள் எழுப்பும் சுவர் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுவதில்லை. தெருவில் நடப்போர் கண்ணிலும், தொலைவிலுள்ள குன்றின்மேல் நிற்போர் பார்வையிலும் அது நிற்கிறது. மண்ணுக்குப் பட்டா உண்டு. மண்ணின்மேல் தெரியும் வானத்திற்குப் பட்டா இல்லை. அவ்வாறாயின், புதிய குடியிருப்பொன்று ஊரின் காட்சியை எவ்வாறு மாற்றும் என்று முன்கூட்டியே மதிப்பிட இயலுமா? இயலும் என்பதற்கும், அம்மதிப்பீடு தவறவும் கூடும் என்பதற்கும் இலண்டன் மாநகரமே சான்று.

அங்குள்ள புனித பவுல் பேராலயம், 1666-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின் சர் கிறிஸ்டோபர் ரென் வகுத்த திட்டப்படி எழுந்தது. அதன் உயரம் 111 மீட்டர். 1930-களில் அதனருகே உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் தோன்றி, தேம்ஸ் ஆற்றங்கரையிலிருந்து காண்போர்க்குப் பேராலயத்தை மறைக்கலாயின. அப்பொழுது பேராலயக் கட்டடத்தின் பொறுப்பாளராயிருந்த காட்ஃபிரி ஆலன், சுற்றுப்புறத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு உயரம்வரை கட்டலாம் என்று வரையறுத்தார். அவ்வரையறை நடைமுறைக்கு வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

பேராலயத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், ரிச்மண்டு பூங்காவில் ஒரு மேடு உண்டு. அங்குள்ள செடிவேலியின் இடைவெளி வழியே நோக்கினால், மரங்களுக்கு நடுவே பேராலயத்தின் குவிமாடம் தெரியும். சட்டத்தால் காக்கப்பட்ட காட்சி அது. ஆனால் 2016-ஆம் ஆண்டில் அங்கு வந்தோர் திகைத்தனர். குவிமாடத்தின் பின்னே, நகரின் கிழக்கிலுள்ள ஸ்டிராட்ஃபோர்டு பகுதியில், குடியிருப்பும் விடுதியும் அடங்கிய 42 மாடிக் கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

அது பேராலயத்தை மறைக்கவில்லை. வெறும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு தனித்து நின்ற குவிமாடத்தின் உருவரையைத்தான் கலைத்தது. பேராலயத்தின் முன்புறத்தை விதி நன்றாகக் காத்தது; பின்புறத்தை ஓரெல்லைவரையே காத்தது. கட்டடமோ அவ்வெல்லைக்கு அப்பால் நின்றது. மறைப்பது ஒன்று, கெடுப்பது வேறொன்று என்பதை இதனின்றும் நாம் கற்கிறோம்.

காட்சியை மதிப்பிடுதல் என்பது அவரவர் விருப்பு வெறுப்பைப் பொறுத்ததன்றோ எனச் சிலர் கேட்கலாம். 1610-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நீதிமன்றம் ஏறக்குறைய அவ்வாறே கருதிற்று: அயலார் வீட்டு வெளிச்சத்தை மறைத்தால் வழக்குண்டு, அவர் கண்டு மகிழ்ந்த காட்சியை மறைத்தால் வழக்கில்லை. ஒருவர் தம் சாளரத்து அழகுக்காக ஊரைக் கட்டுப்படுத்தலாகாது என்பது நியாயமே. ஆனால் பலரும் கூடும் பூங்காவிலிருந்தும் பொதுவழியிலிருந்தும் தெரியும் காட்சி தனியொருவரின் சொத்தன்று. எனவே இந்நாளில் அந்நாட்டின் வல்லுநர்கள் இதற்கெனத் தனிமுறை வகுத்துள்ளனர்.

முதலாவது, நிலத்தின் இயல்பே மாறுகிறதா என்பதையும், காண்போர் காட்சி மாறுகிறதா என்பதையும் அவர்கள் வெவ்வேறாக ஆராய்கின்றனர். இரண்டாவது, கட்டடம் எங்கெங்கிருந்து தெரியும் என்று வரைபடத்தில் குறித்து, அவ்விடங்களுக்கு நேரில் சென்று நிழற்படம் எடுக்கின்றனர். இலையுதிர்ந்த குளிர்காலத்திலும் பார்ப்பதே முறை. கோடையில் மரங்கள் மறைப்பதைக் குளிர்காலம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, பார்ப்பவர் யாவர் என்று கேட்கின்றனர். வண்டியில் விரைபவரைவிட, அங்கேயே வாழ்பவருக்கும் காட்சிக்கென்றே நடந்து வருபவருக்கும் பாதிப்பு மிகுதி. நான்காவது, கட்டி முடித்த முதல் ஆண்டையும், நட்ட மரங்கள் வளர்ந்தபின் பதினைந்தாம் ஆண்டையும் ஒப்பிடுகின்றனர்.

இவையெல்லாம் வல்லுநர் கையிலிருக்கும் ஏடுகள். பாமரரும் புரிந்துகொள்ளும் வழி ஒன்று சுவிட்சர்லாந்தில் உண்டு. அங்கு அனுமதி வழங்குமுன், வரவிருக்கும் கட்டடத்தின் மூலைகளில் அதன் முழு உயரத்திற்குக் கம்பங்கள் நடப்படுகின்றன. கூரை எங்கே தொடங்கும், எவ்வளவு உயரும் என்பதை அக்கம்பங்கள் காட்டுகின்றன. ஊரார் நின்று பார்க்கின்றனர். மறுப்பிருந்தால் குறித்த காலத்திற்குள் தெரிவிக்கின்றனர். எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க அறிவிப்பு அது!

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. காட்சி கெடும் என்னும் கூக்குரல், வீடுள்ளவர் வீடற்றவரைத் தடுக்கும் கருவியாகிவிடலாகாது. நல்ல கூரையின்கீழ் வாழ்பவர், "என் கண்ணுக்கு இனிமை குறையும்" என்று கூறி, பத்துக் குடும்பங்களுக்குரிய வீடுகளை மறுப்பது முறையாகுமா? மதிப்பீட்டின் நோக்கம் தடுப்பதன்று, திருத்துவது. இரண்டு மாடிகளைக் குறைத்தல், கட்டடத்தைச் சற்றே நகர்த்துதல், குன்றின் முகட்டை விட்டுச் சரிவில் அமைத்தல், சுற்றுப்புறத்தோடு இயைந்த நிறம் பூசுதல், இடையே பார்வைக்கு வழி விடுதல் ஆகிய எளிய மாற்றங்களால் வீடும் எழும், காட்சியும் பிழைக்கும். ஆனால் இவற்றைக் காகிதத்தில் செய்வதே எளிது. கற்காரை இறுகியபின் செய்வது அரிது.

அந்த 42 மாடிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதில் மக்கள் வாழ்கின்றனர், அவர்கள்மேல் குற்றமில்லை. உரிய காலத்தில், உரிய மேட்டில் நின்று, குவிமாடத்தின் பின்னே என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதே குறை. நம்மில் எவரேனும் வீடு கட்டப் புகும்போது, மனைக்குள் நின்று ஒருமுறை அளப்பதோடு, தெருமுனையில் நின்றும் ஒருமுறை நோக்குவோமாக. நமக்குப்பின் வருவோர் பார்க்கவிருப்பது அங்கிருந்துதான்.