தொழிற்சாலை வாசலில் ஒரு நூடுல்ஸ் கிண்ணம்

கொரியர்கள் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுவந்த சாப்பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரின் கடைப்பலகைகளில் இன்று தமிழுக்குப் பக்கத்திலேயே கொரிய எழுத்தையும் பார்க்கலாம். 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. 1998-ல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன. 2007-ல் சாம்சங் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியதும் ஜப்பானியர்களும் சேர்ந்துகொண்டார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த இன்ஜினீயர்களுக்கு நாக்குக்குப் பழகிய சாப்பாடு தேவைப்பட்டது. கெஸ்ட் ஹவுஸ்களிலும் சின்னச் சின்ன உணவகங்களிலும் கொரியச் சமையல் வேரூன்றியது அப்படித்தான்.

நெத்திலியில் தொடங்கும் சூப்

கொரியர்கள் மழை நாளில் தேடிப் போகும் நூடுல்ஸ் சூப் ‘கல்குக்சு’. அதன் சூப்புக்கு அடிப்படை, நமக்கு நன்றாகத் தெரிந்த நெத்திலிக் கருவாடு. கசப்பு இறங்காமலிருக்க மீனின் தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட்டு, காய்ந்த கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்கவிடுகிறார்கள். கோதுமை மாவைப் பிசைந்து, அகலமாகத் தேய்த்து, மடித்து, கத்தியால் மெல்லிய நாடாக்களாக நறுக்குகிறார்கள். ஒட்டாமலிருக்கத் தூவிய மாவோடு அப்படியே கொதிக்கும் சூப்பில் போடுவதால், அந்த மாவு கரைந்து சூப் லேசாகக் கெட்டிப்படும். உருளைக்கிழங்கும் சுரைக்காய் போன்ற இளங்காயும் சேரும். ஆவி பறக்கும் கிண்ணத்துக்குத் துணை, அன்று போட்ட காரமான கிம்ச்சி ஊறுகாய். மேசையில் பரப்பிய தொட்டுக்கைகள் தீர்ந்தால் மறுபடியும் கொண்டுவந்து வைப்பார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு அந்த உபசாரம் அந்நியமாகத் தோன்றாது.

இது பணக்காரர்களின் பண்டமாக வளர்ந்ததல்ல. 1950–53 போருக்குப் பிறகு கொரியாவில் அரிசிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவு வந்து குவிந்தது. மாவுப் பண்டங்களைச் சாப்பிடச் சொல்லி அரசும் ஊக்குவித்தது. உழைப்பவர்களின் வயிற்றை நிறைத்துத்தான் கல்குக்சு நாடெங்கும் பரவியது.

மில் வாசலில் வளர்ந்த ஃபோ

நூடுல்ஸ் சூப்புகளில் உலகமே கொண்டாடும் வியட்நாமின் ‘ஃபோ’வின் கதையும் ஓர் ஆலை நகரத்தோடு பிணைந்தது. அது பிறந்த இடமாகப் பலரும் சொல்வது ஹனோய்க்குத் தெற்கே உள்ள நாம் டின். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சு ஆட்சியில், பெரிய பஞ்சாலை எழுந்த ஊர் அது. தோளில் காவடித்தண்டு, ஒரு பக்கம் கரி அடுப்பும் சூப் பானையும், மறுபக்கம் நூடுல்ஸும் கிண்ணங்களும்: வியாபாரிகள் இப்படித்தான் தெருத்தெருவாகச் சென்று விற்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சியை விரும்பி வாங்க, மிஞ்சிய எலும்புகள் பானைக்குள் போயின.

எலும்பு மணிக்கணக்கில் வேக வேண்டும். இஞ்சியையும் வெங்காயத்தையும் தணலில் கருகச் சுட்டுப் போடுவார்கள். கூடவே அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, ஏலக்காய். நம் பிரியாணி அண்டாவில் விழும் அதே சாமான்கள்தான். உப்புச் சுவைக்கு, நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த மீன்சாறு. 1954-ல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே போனவர்களோடு ஃபோவும் சைகோனுக்குப் போனது. அங்கே துளசி இன இலையும் முளைப்பயறும் எலுமிச்சையும் சேர்ந்தன.

அரிசி நூடுல்ஸும் எலும்புச் சூப்பும் நமக்குப் புதிதல்ல. இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் அதே ஜோடிதான். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த ‘அத்தோ’ நூடுல்ஸும், அதோடு தரும் சூடான வாழைத்தண்டு சூப்பும் சென்னை பாரிமுனைப் பக்கம் இன்றும் விற்பனையாகின்றன. இந்தோசீனாவில் பிரெஞ்சு அரசுப் பணி பார்த்துவிட்டுத் திரும்பிய புதுச்சேரிக் குடும்பங்களில் வியட்நாம் சமையல் தலைமுறை தாண்டித் தொடர்கிறது. 2025 ஆகஸ்ட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட், தூத்துக்குடியில் கார் ஆலை திறந்துவிட்டது. ஆலை வந்தால் அதன் பின்னால் சமையலும் வரும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

நைட் ஷிப்டுக்கு என்ன சாப்பாடு?

ஆனால் அதே ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் திருவண்ணாமலை, விழுப்புரம் பிள்ளைகளுக்கும், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து அறையெடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும் என்ன கிடைக்கிறது? 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி அருகே உள்ள விடுதியில் சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலையே சில வாரங்கள் மூடிக் கிடந்தது. சாப்பாடும் உற்பத்தியின் ஒரு பகுதி என்று நாடு முழுவதற்கும் அவர்கள் சொன்னார்கள்.

அதன் பிறகு நல்லதும் நடந்தது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டித் திறந்தது. இது பெரிய காரியம், பாராட்ட வேண்டியது. அடுத்த படி சாப்பாடு. கான்டீன் சோறு பசியை அடக்கும். ஆனால் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு, தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உட்காரும் நண்பரோடு பேசிக்கொண்டே சாப்பிட ஓர் இடம் வேண்டும். கொரிய இன்ஜினீயருக்கு ஒரு கிண்ணம் கல்குக்சு தருகிற ஆறுதல் அதுதான். அது சம்பளத்தின் அளவைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

செய்ய வழியும் இருக்கிறது. தொழிற்பூங்கா வரைபடத்தில் மனைகளோடு சேர்த்து உணவுக்கடைகளுக்கும் இடம் ஒதுக்கலாம். நல்ல தண்ணீர், விளக்கு, கழிப்பறையோடு அந்தக் கடைகளை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் கட்டுப்படியாகும் வாடகைக்குக் கொடுக்கலாம். மூன்று ஷிப்டும் மாறும் நேரத்தில் அடுப்பு எரிய அனுமதி தரலாம். உணவுப் பாதுகாப்புத் துறை வாரம் தவறாமல் வந்து பார்க்கலாம். இடியாப்பம்-பாயாவோ, அத்தோவோ, கல்குக்சுவோ, எதை வேண்டுமானாலும் விற்கட்டும். விடியற்காலை நைட் ஷிப்ட் முடித்து வெளியே வருகிற பெண்ணும் நடந்து போய்ச் சூடாகச் சாப்பிட முடிய வேண்டும். ஆலைக்கு நிலமும் மின்சாரமும் ஏற்பாடு செய்கிற அரசு, இதையும் அந்தப் பட்டியலில் எழுதிக்கொள்ள வேண்டும்.