திருவள்ளூர் வீரன்ஸ் எங்கே போனது?

திருத்தணி டீக்கடைகளில் கிரிக்கெட் பேச்சு தமிழும் தெலுங்கும் கலந்துதான் நடக்கும். டி.என்.பி.எல். சீசன் வந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நம்ம மாவட்டத்துப் பேர்ல ஒரு டீம் இருந்துச்சே, அது என்னாச்சு?" நியாயமான கேள்வி. இன்னொரு டீ சொல்லுங்கள், இதற்குக் கொஞ்சம் நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016 ஆகஸ்ட் 24ஆம் தேதி தொடங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸ் தடையில் இருந்த வருஷம் அது. எட்டு அணிகளில் ஒன்று, வி.பி. திருவள்ளூர் வீரன்ஸ். அந்த வி.பி., வி.பி. சந்திரசேகர்தான். 1988 இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்தவர். 2008 ஏலத்தில் தோனி சென்னைக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவரின் அணிக்கு நம் மாவட்டத்தின் பெயர் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

ஆனால் ஆட்டங்கள் நடந்தது சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கத்து நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர் என்று மூன்றே மைதானங்களில். திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஆட்டம்கூட இல்லை. செப்டம்பர் 18 இறுதி ஆட்டத்தில் தூத்துக்குடி அணி, சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன்னில் வீழ்த்தியது. மறு வருஷமே இன்னொரு அணியான காஞ்சி வாரியர்ஸ், திருச்சி வாரியர்ஸ் ஆனது. 2018இல் காலியாகக் கிடந்த காஞ்சி பெயரை நம் அணி எடுத்துக்கொண்டு காஞ்சி வீரன்ஸ் ஆனது. 2019 ஆகஸ்டில் சந்திரசேகர் மறைந்தார். அதன் பிறகு அந்த இடத்துக்கு நெல்லை அணி வந்துவிட்டது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. காசு வாங்கி ஆடும் லீக் எதுவானாலும் ஆரம்பத்தில் இப்படித்தான் தள்ளாடும். அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு 1871இல் முதல் தொழில்முறை லீக் வந்தபோது பத்து டாலர் கட்டினால் எந்த கிளப்பும் சேரலாம். சேர்ந்தவை ஒன்பது. பாஸ்டன் அணியை நடத்திய ஹாரி ரைட், அதற்கு முன் கிரிக்கெட் ஆடிச் சம்பளம் வாங்கியவர். ஆட்டத் தேதியைக் கிளப்புகளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும், அவரவர் செலவு அவரவருக்கு. கோயில் மண்டகப்படி மாதிரி. உபயதாரர் கைவிட்டால் அன்றைய உற்சவம் அவ்வளவுதான். மே 4ஆம் தேதி லீக்கின் முதல் ஆட்டம் நடந்ததே ஃபோர்ட் வெயின் என்ற சிறு ஊரில்தான். உள்ளூர் அணி 2-0 என்று ஜெயித்தது. ஆகஸ்ட் கடைசியில் அந்த அணி கலைந்தே போயிற்று. இன்றுவரை மேஜர் லீக்கில் அந்த ஊருக்கு அணி கிடையாது.

சிகாகோவின் கதை வேறு. அக்டோபரில் பெருந்தீ நகரத்தின் பெரும் பகுதியை எரித்தது. அதில் அணியின் மைதானம், சீருடை எல்லாம் போயின. அப்போது அவர்கள் கோப்பைக்குப் போட்டியில் இருந்தார்கள். பின்வாங்கவில்லை. அக்டோபர் 30 அன்று புரூக்ளினில், இரவல் வாங்கிய சட்டைகளோடு, ஆளுக்கொரு நிறத்தில் இறங்கி, பிலடெல்பியாவிடம் 4-1 என்று தோற்றார்கள். கோப்பை பிலடெல்பியாவுக்கு. அடுத்த இரண்டு சீசன் சிகாகோவுக்கு அணியே இல்லை. ஆனால் 1872லேயே 23ஆம் தெருவில் புது மைதானம் எழுந்துவிட்டது. வேறு ஊர் அணிகள் வந்து அங்கே ஆடின. 1874இல் சொந்த அணியும் திரும்பியது. இன்றைய சிகாகோ கப்ஸ் அதே கிளப்தான்.

மைதானம் முதலில், அணி பிறகு. இந்த வரிசையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். திருவள்ளூருக்கு முதலில் கிடைத்தது பெயர். அதை நிறுத்திவைக்க மண் இல்லை. திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் மேட் விரித்து ஆடுகிற பையன்களுக்கு, டர்ஃப் பிட்ச் என்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருக்கிறது. தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கிரிக்கெட் அணி வேண்டும் என்று கேட்காதீர்கள். மாவட்டத்துக்குள் ஒரு டர்ஃப் மைதானம் வேண்டும் என்று கேளுங்கள்.