"அத்தை நிஜப்பேரு என்ன?" தாலுகா ஆபீசில் முழித்த குமாஸ்தா!

"உங்க தாத்தாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

தாலுகா ஆபீசில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்.

"எங்கப்பா, ரெண்டு சித்தப்பா. மூணு பேரு சார்" என்றார் இந்தப் பக்கம் நின்ற குமாஸ்தா.

"பொம்பளைப் பிள்ளைங்க?"

குமாஸ்தா முழித்தார்.

ஓர் அத்தை உண்டு. கல்யாணமாகி கடலூர் பக்கம் போனவர். வீட்டில் எல்லோரும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப்பேரு? தெரியாது. உயிரோடு இருக்கிறாரா? தெரியாது. அவருக்கு எத்தனை குழந்தைகள்? அதுவும் தெரியாது!

வியாசர்பாடியில் தாத்தா சம்பாதித்துக் கட்டிய ஓட்டு வீடு. உயில் எழுதாமலே போய்விட்டார். வாரிசு சான்றிதழ் வாங்க ஏழு மாதமாக நடக்கிறார் இவர்.

"சித்தப்பாவைக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன் சார். 'அவ பேச்சு இப்ப எதுக்கு?'ன்னு கத்துறாரு. அம்மா இருந்திருந்தா ஒரே நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க. போன வருஷம் போயிட்டாங்க" என்றார். பேரு போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

மூணு பங்கா, நாலு பங்கா?

சித்தப்பா ஏன் கத்துகிறார் என்பது கோர்ட் வாசலில் நிற்கும் எவருக்கும் புரியும். அத்தை பேரு வந்தால் வீடு நாலு பங்கு. வராவிட்டால் மூணு!

"கட்டிக் கொடுத்தாச்சு, இனி அவளுக்கு என்ன?" என்ற பேச்சு சட்டத்தின் முன் எடுபடாது. உயில் இல்லாத அப்பன் சொத்தில் மகளுக்கும் மகன் மாதிரியே பங்கு உண்டு என்கிறது 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் திருத்தம் வந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அத்தை இல்லாவிட்டாலும் அவர் பிள்ளைகள் வந்து கேட்கலாம்.

வாரிசை மறைத்து வாங்கிய சான்றிதழ் ரத்தாகும். அதை வைத்து வீட்டை விற்றால் மோசடி வழக்கும் பாயும். இப்படி உள்ளே போன அண்ணன் தம்பிகளை போலீஸ் நிலைய பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

முதலில் யாரைக் கேட்பது?

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டிலேயே வயதானவர் யாரோ, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். இன்றைக்கே! அதிலும் பாட்டி, பெரியம்மா, அத்தை இவர்களை முதலில் கேளுங்கள். ஆம்பளைகளுக்கு நிலம் எத்தனை காணி என்று தெரியும். யார் யாருக்கு வாக்கப்பட்டார், யாருக்கு எத்தனை பிள்ளை தங்கியது என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

செல்லப்பேரு வேறு, நிஜப்பேரு வேறு. இரண்டையும் எழுதுங்கள். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. பேரன் என்ற சொல்லே "பெயரன்" என்பதுதான். அதனால் ஒரே குடும்பத்தில் ஒரே பேரில் மூணு பேர் இருப்பார்கள். இனிஷியலைப் பார்க்காமல் எழுதினால் தாத்தா பேரனாகிவிடுவார்!

பெரியவர்கள் ஆண்டு, தேதி சொல்லமாட்டார்கள். "எம்டன் குண்டு போட்டப்ப எங்க மாமனார் கைக்குழந்தை" என்பார்கள். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. "தனுஷ்கோடி புயல்ல கல்யாணம்" என்றால் 1964 டிசம்பர். ஜாதகத்தில் "ஆனந்த வருஷம்" என்றிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1914-ம் ஆனந்த, 1974-ம் ஆனந்த. தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒரு தடவை திரும்பி வரும்.

கப்பலில் போனவருக்கு கணக்கு இருக்கு!

அடுத்தது ஆபீஸ் காகிதம். சென்னையில் பிறப்பு, இறப்பு என்றால் மாநகராட்சி இணையதளத்திலேயே தேடலாம். ஆனால் பேரு வைக்கும் முன்பே பதிவானதால் வெறும் "பெண்" என்று மட்டும் இருக்கும் பழைய பதிவுகள் ஏராளம். கிராமம் என்றால், கர்ணம் பதவியை அரசு 1980-ல் ஒழித்துவிட்டது. இப்போது கிராம நிர்வாக அதிகாரியைத்தான் பார்க்கவேண்டும். பத்திரம் இருந்தால் செக்குபந்தியை விடாமல் படியுங்கள். "வடக்கே இன்னார் வீடு" என்று இருக்கும். அந்த இன்னார் பல சமயம் பங்காளியாக இருப்பார்.

எழும்பூர் ரெயில் நிலையம் அருகே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-ல் இருந்து நிற்கிறது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் 1680-ல் இருந்து பதிவேடு உண்டு. ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் நடந்த கல்யாணம்கூட அதில் இருக்கிறது.

இதைவிட ஆச்சரியம் ஒன்று. 1860 அக்டோபரில் சென்னையில் இருந்து "ட்ரூரோ" என்ற கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை இப்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள். ஒவ்வொருவருக்கும் நம்பர், அப்பா பேரு, வயசு, ஜில்லா, கிராமம் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். உடம்பில் இருந்த தழும்பைக்கூட விடவில்லை! பேரைத்தான் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டான். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, கொள்ளுப்பேரன்கள் இன்றும் இங்கே ஊரைத் தேடி வருகிறார்கள்.

கடல் தாண்டிக் கூலியாகப் போனவருக்கு இத்தனை கணக்கு. வியாசர்பாடியில் இருந்து கடலூர் போன பாப்பாவுக்கு ஒரு வரி இல்லை. என்ன கணக்கோ!

டிரங்க் பெட்டியில் சிக்கியது

நம் குமாஸ்தாவிடம் சொன்னேன், "வீட்டில் மொய் நோட்டு இருக்கா பாருங்க" என்று.

பலர் இதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுகிறார்கள். மொய் நோட்டைப் போல ஒரு சாட்சி கிடையாது. யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். திருப்பிச் செய்யவேண்டிய கடனாச்சே, அதனால் யாரும் பொய் எழுதுவதில்லை!

மூணு நாள் கழித்து அவரே தேடி வந்தார். கையில் கோடு போட்ட பழைய நோட்டு. அம்மாவின் டிரங்க் பெட்டியில், புடவைக்கு அடியில் இருந்ததாம். அப்பா கல்யாணத்துக்கு எழுதிய மொய்.

நாலாம் பக்கத்தில், "மாப்பிள்ளை தங்கச்சி வீடு, திருப்பாதிரிப்புலியூர், ரூ.51, பித்தளைக் குடம் 1" என்று இருந்தது. பக்கத்தில் அத்தை வீட்டுக்காரர் பேரு, இனிஷியலோடு! அத்தை பேரு அதிலும் இல்லை.

"தெரு பேரு இல்லையே, எப்படித் தேடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஊர்ல போய் விசாரிக்கிறேன் சார். அந்தக் காலத்து ஆளு யாராவது இருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் பஸ் ஏறுகிறார். சித்தப்பாக்களிடம் இன்னும் சொல்லவில்லையாம்!