உஷார்! சீட்டுக்கு அடியில் தூங்குகிறது உங்க வாரன்ட்டி

ஞாயிறு விடியற்காலை, ஒரகடம் கூட்டுரோடு டீக்கடை. வாசலில் பத்துப் பதினைந்து டூரிங் பைக்குகள். ஏலகிரிக்குக் கிளம்பிய கூட்டம். ஒரு தம்பி ஸ்பேனர் எடுக்க சீட்டைக் கழற்றினான். கூடவே வந்து விழுந்தது வண்டியோட புத்தகம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"படிச்சியாப்பா?"

"வண்டி செய்யுற இடத்துலயே வேலை பாக்குறேன். எனக்கு எதுக்குண்ணா புக்கு?"

வயிற்றைக் கலக்கியது. உறையைக் கிழித்துக் கூப்பன் பக்கத்தைக் காட்டினேன்: முதல் சர்வீஸ் 500 கி.மீ. அல்லது 45 நாள், எது முந்தியோ அது. மீட்டர் 410-தான். ஆனால் வண்டி வாங்கி மூணு மாசம்! ஷிப்டு, ஓ.டி. என்று ஓடியதில் வண்டி சுங்குவார்சத்திரம் ரூம் வாசலிலேயே நின்றுவிட்டது. "ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்று இருந்திருக்கிறான். நாளைக்கு இன்ஜினில் ஏதாவது என்று சர்வீஸ் சென்டரில் போய் நின்றால் முதலில் அவர்கள் புரட்டுவது அந்தக் கூப்பனைத்தான். தேதி தவறிய சர்வீஸைக் காட்டிக் கையை விரிப்பது அவர்களுக்கு ரொம்பச் சுலபம்.

அடுத்து ஃபாக் லேம்ப். ஹெட்லைட் பக்கத்து ஒயரைச் சுரண்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இருநூறு ரூபாய் வேலை. அதே ஒயரிங்கில் கோளாறு வந்தால் அந்த டேப்பே நமக்கு எதிரான சாட்சி. கார் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது, வழுக்க ஆரம்பித்துவிடும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA) என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். சைலன்சர் மாற்றுவது வாரன்ட்டியோடு நிற்காது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வரைக்கும் இழுக்கும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் ரீகால்தான். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு கம்பெனி மீட்டியோர், கிளாசிக், புல்லட் என 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயில் கோளாறு. இன்ஜின் திணறலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்கூட ஆகலாம் என்று கம்பெனியே சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் பின் பிரேக் பிராக்கெட்டுக்காக 26,300 கிளாசிக் 350. தப்பைத் தானே ஒப்புக்கொண்டு கூப்பிடுவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கூப்பாடு யார் காதில் விழும்? நம்ம ஒரகடம் தொழிற்சாலை பெல்ட்டில் பாதிப் பேருக்கு ஆர்.சி. முகவரி சொந்த ஊர். ரூம் மாறும், சிம் மாறும். செகண்ட்ஹேண்டில் வாங்கிப் பெயர் மாற்றாதவன் பாடு இன்னும் மோசம்: கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போகும், பிரேக் இவன் காலுக்குக் கீழே இருக்கும்!

ஆகவே நீங்களே தேடிப் போங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் பாக்கி இருக்கிறதா என்று எந்த ஊர் சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள். ஜாப் கார்டு, பில் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தட்டிக் கழித்தால் 1915-க்குப் போன் போடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

"சேசிஸ் நம்பர் எங்கண்ணா இருக்கு?" என்றான் தம்பி. லைனில் தினம் நூறு வண்டி பார்க்கிறவன்! ஹேண்டில் தண்டுப் பக்கம் கை காட்டினேன். டீயை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து, நகத்தால் சேற்றைச் சுரண்டி ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தான்.