இருந்ததிலேயே நல்ல வீடு எது? செந்தூல் குடும்பங்கள் தீர்க்காத வழக்கு

செந்தூலில் கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் நாலு பெரியவர்கள் ஒன்றாக உட்கார்ந்துவிட்டால், பேச்சு பழைய இடங்களுக்குப் போய்விடும். இருந்ததிலேயே நல்ல இடம் எது, மோசமான இடம் எது? ஒருவர் தோட்டத்து லயம்தான் சொர்க்கம் என்பார். இன்னொருவர் ரயில்வே குவார்ட்டர்ஸ் என்பார். அந்த லயத்தை நரகம் என்று சொல்ல அடுப்படியிலிருந்து ஒரு குரல் எழும்.

அந்தக் குரலை நான் எங்கள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தேன். பாட்டிக்குத் தோட்டம்தான் உயர்த்தி. கோயில், திருவிழா, கூப்பிட்டவுடன் ஓடி வரும் பக்கத்து வீடு, முருங்கை மரம், கோழி, ஆடு என்று அடுக்குவார். அம்மாவோ ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: கக்கூஸ். அது லயத்தின் கோடியில் இருந்தது. இரவில் போவதென்றால் துணைக்கு ஆள் எழுப்ப வேண்டும். குழாயும் பொதுக்குழாய்தான். வாளி தூக்கியது பெண்பிள்ளைகள். ஒரே லயத்துக்கு இரண்டு தீர்ப்பு வருவதற்கு நினைவுக் கோளாறு காரணமில்லை. யார் என்ன வேலை செய்தார்கள் என்பதுதான் காரணம்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966இல் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் வந்ததுதான் 446ஆவது சட்டம். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. ஆனால் வீடு யாருடையது என்ற கேள்வியை அது தொடவில்லை. வேலை இருக்கும்வரை வீடு, அவ்வளவுதான். தோட்டம் விற்கப்பட்டாலோ, வயது முடிந்தாலோ, மூன்று தலைமுறை இருந்த லயத்தையும் காலி செய்ய வேண்டியதுதான்.

செந்தூல் குவார்ட்டர்ஸிலும் இதே கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுந்த ரயில்வே பட்டறை, எஞ்சின்களையும் பெட்டிகளையும் பழுது பார்த்த பெரிய தொழிற்கூடம். இந்தியத் தமிழர், யாழ்ப்பாணத் தமிழர், மலையாளிகள், சீக்கியர் என்று பலரும் அதை நம்பி இங்கே குடியேறினார்கள். 1945இல் நேச நாட்டு விமானங்கள் பட்டறை மீது குண்டு போட்டன. அதற்குப் பிறகும் வேலை தொடர்ந்தது. குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், கோயில், பந்து விளையாடத் திடல் எல்லாம் நடை தூரத்தில். என்னைக் கேட்டால் இதுவரை சொன்னவற்றில் இதுதான் நல்ல இடம். ஆனால் பென்சன் வாங்கும் நாளில் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அப்படி வெளியேறிய பலர் போய்ச் சேர்ந்த இடம் கம்பத்துப் பலகை வீடு. சொந்தக் கையால் கட்டியது, இஷ்டப்படி அறை சேர்க்கலாம், சாமி மேடை வைக்கலாம். மின்சார மீட்டர் வந்தது, தண்ணீர் பில் வந்தது, தபால்காரர்கூட வந்தார். நிலப்பட்டா மட்டும் வரவில்லை. இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்தார்கள். பில் கட்டியதை உரிமை என்று நம்பினார்கள். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும், அந்தக் குடியிருப்பு மட்டும் நில உரிமை தராது. இதை இன்றும் பலரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்பம் உடைபட்டபோது வந்தது ‘தற்காலிக’ நீண்ட வீடு. ஒட்டுப்பலகைச் சுவர், பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டில் கேட்கும். மழை பெய்தால் தகரம் பேச்சை விழுங்கிவிடும். தற்காலிகம் என்ற சொல்லுக்கு எத்தனை வருடம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பாட்டி, அம்மா, அப்பா மூவரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இதுதான்: இருந்ததிலேயே மோசம் நீண்ட வீடு. லயத்தைவிட அது சின்னதா என்று கேட்டால், இல்லை என்பார்கள். எப்போது போவோம் என்று தெரியாததால் அங்கே ஒரு செடிகூட நடவில்லை என்பார் பாட்டி.

இப்போது அடுக்குமாடி. மாநகர் மன்றத்தின் பிபிஆர் வீட்டுக்கு மாத வாடகை 124 வெள்ளி, மூன்று அறை, சுமார் 700 சதுர அடி. கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது. அம்மாவுக்கு அதுவே போதும். பாட்டிக்கோ மின்தூக்கி பழுதானால் அந்த வாரம் கோயில் இல்லை.

வாடகை வீட்டை விட்டு அடுக்குமாடி வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு விலையோடு கணக்கு முடிவதில்லை. 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டப்படி மாதப் பராமரிப்புக் கட்டணமும், அதில் 10 விழுக்காடு சேமநிதியும் கட்ட வேண்டும். பலர் கட்டாத கட்டடத்தில் மின்தூக்கிதான் முதலில் படுக்கும். ஆகவே வாங்கும் முன் சமையலறை ஓடுகளைப் பார்ப்பதைவிட, நிர்வாகக் குழுவிடம் நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். தனி ஸ்திராத்தா பட்டா வந்துவிட்டதா என்றும் கேளுங்கள்.

பழைய பட்டறைப் பக்கம் இன்று பூங்கா, உயர்ந்த கொண்டோக்கள். ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று 2005 முதல் கோலாலம்பூர் நிகழ்கலை மையமாக இயங்குகிறது. 2023இல் செந்தூல் பாராட் எம்ஆர்டி நிலையமும் வந்துவிட்டது. போன மாதம் பாட்டியை அந்தப் பக்கம் காரில் அழைத்துப் போனேன். தாத்தா வேலை செய்த கொட்டகை எது என்று கேட்டேன். கண்ணாடியை இறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பிறகு, குவார்ட்டர்ஸ் வாசலில் தான் நட்ட மாமரம் எங்கே என்று என்னைக் கேட்டார்.