மோட்டார் வாகன ஆய்வுக் கருவிகளும் அங்கீகாரமற்ற நிலைபொருள்களும்

இன்றைய மோட்டார் வாகனத்தின் பழுதை அறிவதற்குச் செவியும் கைத்திறனும் மட்டும் போதா. இயந்திரத்தை ஆளும் கட்டுப்பாட்டுக் கணினியோடு தொடர்புகொள்ளும் இடைமுகக் கருவியொன்றும் வேண்டப்படுகின்றது. அக்கருவியினுள் பதிக்கப்பட்டு அதனை இயக்கும் நிரலே நிலைபொருள் எனப்படும். உற்பத்தியாளரின் இசைவின்றி இதனைப் படியெடுக்கவும் மாற்றியெழுதவும் உதவும் துணைநிரல்கள் பல வழங்குகின்றன. அவற்றின் பயனையும் அபாயத்தையும் ஈண்டு நோக்குவோம்.

ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி தொடக்கம் புதிய கார்களுக்கு ஓ.பி.டி. 2 என்னும் நியமம் கட்டாயமாயிற்று. அதன் 16 முனைச் செருகியூடாகப் பொதுவான பழுதுக் குறியீடுகளை எவரும் வாசிக்கலாம். ஆயினும், உற்பத்தியாளர் தமக்கெனத் தனியே வகுத்த கட்டளைகள் அந்நியமத்துள் அடங்கா. அவை கைக்கெட்டாத நிலையிலேயே சிறு பட்டறையாளர் அங்கீகாரமற்ற கருவிகளை நாடலாயினர்.

இக்கருவிகளின் பயன் சிறிதன்று. உற்பத்தியாளர் கைவிட்ட இடைமுகத்தை மீள இயக்கவும், செயலிழந்ததைத் திருத்தவும் இவை உதவுகின்றன. 2014இல் விண்டோஸ் புதுப்பிப்புடன் வந்த எப்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் செலுத்தி நிரலொன்று, அந்நிறுவனச் சில்லுகளின் போலிகளில் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கிற்று. கணினிகள் அவற்றை இனங்காணாதொழிந்தன. அவ்வெண்ணை மீள எழுதியே அத்தகைய சில்லுகள் மீட்கப்பட்டன.

அபாயமோ இதனினும் பெரிது. கனடாவில் உருவான இ.எல்.எம். 327 சில்லின் முதற்பதிப்பு படியெடுப்புக் காப்பின்றி வெளியாயிற்று. போலிகள் சந்தையை நிரப்பின. அவற்றுட் பல, தாம் அறிவிக்கும் பதிப்புக்குரிய கட்டளைகள் அனைத்தையும் நிறைவேற்றுவதில்லை. குறியீட்டை வாசிக்கையில் இக்குறை தவறான விடையோடு முடியலாம். கட்டுப்பாட்டுக் கணினியில் எழுதுகையிலோ, இடைநடுவே தொடர்பு அறுமாயின் அக்கணினியே பயனற்றுப் போகக்கூடும்.

மேலும், வாகனத்தின் உள் வலையமைப்பான 'கான்', செய்தியை அனுப்பியது யாதென உறுதிசெய்வதில்லை. 2015இல் சார்ளி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் ஆய்வாளர் ஜீப் வாகனமொன்றின் வானொலித் தொகுதியிலிருந்த சில்லின் நிலைபொருளைத் தொலைவிலிருந்தே மாற்றி, தடுப்பையும் இயக்கிக் காட்டினர். ஏறத்தாழ 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. அது ஆய்வுக் கருவியன்று. எனினும் அதே வலையமைப்பிற் பொருத்தப்படும் ஆய்வுக் கருவிக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

ஆகவே, வாசித்தலையும் எழுதுதலையும் வேறுபடுத்தல் முதற்கடன். எழுதுமுன் மூல நிரலைப் படியெடுத்து வைத்தலும், பற்றரி மின்னழுத்தம் தாழாது பேணலும், ஓட்டத்தின்போது கருவியைக் கழற்றி வைத்தலும் இன்றியமையாதன. தடைவிதிப்பது மட்டும் பரிகாரமாகாது. 2012இல் மசாச்சுசெற்ஸ் மாநில வாக்காளர், பழுதுபார்த்தல் தகவல்களைத் தனியார் பட்டறைகளுக்கும் வழங்கவேண்டுமென்னும் சட்டத்தை ஏற்றனர். நேர்வழி திறக்குமிடத்து மறைவழியின் தேவை குறையும் என்பதே எமது துணிபு.